ஒவ்வொரு துளியும் மருந்தே: குறைமாதக் குழந்தைக்குப் பீய்ச்சிய பாலும் தானப் பாலும்

குறித்த நாளுக்கு முன்பே பிறந்த குழந்தை பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும்போது, "இனி நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை" என்ற எண்ணமே பெரும்பாலான தாய்மாருக்கு முதலில் தோன்றுகிறது. மூச்சுக்கு உதவும் கருவியை மருத்துவர் கவனிக்கிறார். நரம்பு வழியே செல்லும் திரவத்தைச் செவிலியர் கவனிக்கிறார். தாயோ வேறொரு வார்டில் தையல் வலியோடு படுத்திருக்கிறார். ஆயினும், அக்குழந்தைக்குத் தேவையான மருந்துகளுள் ஒன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. அதை அளிக்கக்கூடியவர் அந்தத் தாய் ஒருவரே.

தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுப்பது, பாதுகாப்பது, ஊட்டுவது, தாயின் பால் போதாதபோது தானப் பாலைப் பெறுவது, மிகுதியான பாலைத் தானமாக அளிப்பது ஆகியவற்றை இப்பாடம் விளக்குகிறது. தாய் மட்டுமன்றி, தந்தையும் பாட்டியும் உடனிருந்து கவனிக்கும் உறவினரும் இதனைப் படிக்க வேண்டுகிறோம். தாய்க்குப் பால் நிலைத்துச் சுரப்பது பெருமளவு உடனிருப்போரின் ஒத்துழைப்பைப் பொறுத்ததாகும்.

1. குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் ஏன் இன்றியமையாதது?

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். இக்குழந்தையின் நுரையீரல் முதிராதிருப்பது போலவே குடலும் முதிராதிருக்கிறது. குடலின் உட்சுவர் மெல்லியது. கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது. இத்தகைய குழந்தைகளுக்கு, அதிலும் 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தவர்களுக்கு, குடல் வீங்கிச் சில பகுதிகள் அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று வரக்கூடும். மருத்துவர்கள் இதனை 'என்.இ.சி.' எனச் சுருக்கமாகக் குறிப்பிடுவர். நோய் முற்றினால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், உயிரிழப்பும் நேரலாம்.

இந்நோயிலிருந்து காக்கும் வழிகளுள் முதன்மையானது தாய்ப்பால். மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தானமாகப் பெற்ற தாய்ப்பால் ஊட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பால்மாவு ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கு இந்நோய் ஏறத்தாழ இரு மடங்கு மிகுதியாக வந்தது தெரியவந்தது. பெற்ற தாயின் பாலோ தானப் பாலினும் மேலானது.

குறைமாதத்தில் குழந்தை பெற்ற தாயின் பால், முதல் சில வாரங்களில், நிறைமாதத் தாயின் பாலைவிடப் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் மிகுந்ததாக இருக்கும். முதல் நாள்களில் மஞ்சள் நிறத்தில் கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலில் இவை மேலும் செறிந்துள்ளன. சீம்பாலைக் 'கெட்ட பால்' எனக் கருதிப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் உள்ளது. அவ்வாறு செய்வது குழந்தையின் முதல் தடுப்பு மருந்தைக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

2. எவ்வளவு பால் தேவை? ஒரு கணக்கு

முதல் நாளில் கிண்ணத்தின் அடியில் நான்கு துளிகளைக் கண்டு, "எனக்குப் பால் இல்லை" என்று அழும் தாய்மார் பலர். அவர்களுக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம்.

1,200 கிராம் எடையுள்ள ஒரு குழந்தைக்கு முதல் நாளில் ஒரு கிலோ எடைக்கு 30 மி.லி. வீதம் பால் தொடங்கப்படுவதாகக் கொள்வோம். நாள் முழுவதற்கும் தேவை 36 மி.லி.; இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டினால், ஒரு வேளைக்கு 3 மி.லி. மட்டுமே. அதாவது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. உடல்நிலை சீராக இல்லாத குழந்தைக்கு மருத்துவர் இதனினும் குறைந்த அளவில் தொடங்குவார். சில வேளைகளில் பருத்திப் பஞ்சில் தோய்த்த சீம்பாலைக் கன்னத்தின் உட்புறம் தடவுவதோடு தொடங்குவதும் உண்டு. குழந்தையின் வயிறு ஏற்றுக்கொள்வதைப் பார்த்து அளவு நாள்தோறும் உயர்த்தப்படும். ஒரு கிலோவுக்கு 150 மி.லி. என்ற முழு அளவை எட்டும்போதும், அதே குழந்தைக்கு ஒரு நாளின் தேவை 180 மி.லி. தான், வேளைக்கு 15 மி.லி.

ஆகவே, முதல் நாளின் சில துளிகள் குறைவானவை அல்ல. குழந்தையின் தேவைக்கு ஏற்றவையே. தாய் செய்ய வேண்டியது, பால் வருகிறதா எனப் பார்த்துக்கொண்டிராமல், மணி தவறாமல் பீய்ச்சிக்கொண்டே இருப்பது. முறையாகப் பீய்ச்சிவரும் தாய்மார் பலருக்கு இரண்டாம் வார முடிவில் நாளொன்றுக்கு 500 மி.லி. அல்லது அதற்கு மேலும் பால் சுரக்கிறது.

3. எப்போது, எப்படிப் பீய்ச்சுவது?

குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்குவது சிறந்தது. அறுவைப் பிரசவமானால் தாயின் நிலை சீரானவுடன், கூடுமானவரை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தாயால் எழுந்திருக்க இயலாவிடில் செவிலியரிடம் உதவி கேளுங்கள். படுத்த நிலையிலும் பீய்ச்சலாம்.

ஒரு நாளில் 8 முதல் 10 முறை பீய்ச்ச வேண்டும். அவற்றுள் ஒருமுறையாவது இரவில் அமைய வேண்டும். பால் உற்பத்திக்குக் காரணமான புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரவில் மிகுதியாகச் சுரக்கிறது. மார்பு காலியாகக் காலியாகத்தான் உடல் மேலும் பாலை உருவாக்கும். தேங்கவிட்டால் உற்பத்தி தானே குறைந்துவிடும். "சேர்ந்து வரட்டும்" எனக் காத்திருப்பது தவறான முறையாகும்.

கையால் பீய்ச்சும் முறை பின்வருமாறு:

• கைகளைச் சோப்பிட்டு நன்கு கழுவுங்கள். நகங்கள் வெட்டப்பட்டிருக்கட்டும். ஒவ்வொரு முறையும் மார்பைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டியதில்லை. நாள்தோறும் குளிப்பதே போதும்.

• அகன்ற வாயுள்ள எவர்சில்வர் கிண்ணத்தைக் கழுவி, 10 நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்து ஆறவிடுங்கள்.

• வசதியாகச் சாய்ந்து அமருங்கள். மார்பை விரல்களால் மெல்ல வருடிவிடுங்கள். வெதுவெதுப்பான துணியால் ஒற்றடம் கொடுக்கலாம்.

• காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டிக் கட்டைவிரலையும், கீழ்விளிம்பை ஒட்டி ஆள்காட்டி விரலையும் வையுங்கள். மற்ற விரல்கள் மார்பைத் தாங்கட்டும்.

• விரல்களை முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்துங்கள். பின்னர் இரு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விடுங்கள். அழுத்துவதும் விடுவதுமாகத் தொடருங்கள்.

• தோலின்மேல் விரல்களைத் தேய்த்து இழுக்காதீர்கள். காம்பை மட்டும் பிடித்துப் பிழியாதீர்கள். சரியாகச் செய்தால் வலி இராது.

• விரல்களைக் கருவட்டத்தைச் சுற்றி இடம் மாற்றி, எல்லாப் பக்கங்களிலிருந்தும் பாலை எடுங்கள். ஒரு மார்பில் 3 முதல் 5 நிமிடம், பின்னர் மறு மார்பு, மீண்டும் முதல் மார்பு என மொத்தம் 20 முதல் 30 நிமிடம் ஆகலாம்.

முதல் சில நாள்களில் சீம்பாலை எடுப்பதற்குக் கையே சிறந்தது; பால் பெருகிய பின் பம்பைப் பயன்படுத்தலாம். பம்பின் பாலுடன் தொடர்புள்ள பாகங்களை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவிக் கிருமி நீக்கம் செய்தல் வேண்டும்.

பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்னும் மற்றொரு ஹார்மோன். அச்சம், வலி, அவமானம் ஆகியவை அதனைத் தடுக்கின்றன. குழந்தையின் அண்மை அதனைத் தூண்டுகிறது. குழந்தையின் அருகில் அமர்ந்தோ, அதன் படத்தைப் பார்த்துக்கொண்டோ, அதன்மேல் போர்த்திய துணியை வைத்துக்கொண்டோ பீய்ச்சினால் பால் எளிதில் இறங்குவதைப் பல தாய்மார் உணர்ந்துள்ளனர். எனவே, "இவளுக்குப் பாலே இல்லை" என்று தாயின் காதுபடச் சொல்லாதிருப்பதும் குடும்பத்தார் செய்யக்கூடிய ஒரு சிகிச்சையே.

தாயின் உணவு பற்றியும் ஒரு சொல். பத்தியம் என்ற பெயரில் பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீரையும் காய்கறிகளையும் குறைக்கும் வழக்கம் தீமையே செய்யும். தாகத்துக்கு ஏற்ற நீரும் வயிறு நிறைந்த உணவும் அவருக்குத் தேவை. பூண்டு, பால்சுறா போன்றவற்றை விரும்பினால் உண்ணலாம். எனினும், மணி தவறாமல் மார்பைக் காலிசெய்வதற்கு ஈடான பால்பெருக்கி வேறில்லை.

4. பாதுகாத்தலும் எடுத்துச்செல்லுதலும்

பீய்ச்சிய பாலை மூடியுள்ள சுத்தமான கலத்தில் ஊற்றி, அதன்மேல் தாயின் பெயர், மருத்துவமனை எண், பீய்ச்சிய தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். ஒரே பெயருடைய தாய்மார் இருவர் ஒரே வேளையில் வார்டில் இருப்பது அரிதன்று. ஆகவே மருத்துவமனை எண் தவறாமல் இடம்பெறல் வேண்டும்.

25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறையில் பால் 4 மணி நேரம் வரை கெடாது. நம் ஊர்க் கோடையில் அறை வெப்பம் இதனை எளிதில் தாண்டும். அப்போது பீய்ச்சியவுடன் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நன்று. வீட்டில் நலமாக உள்ள குழந்தைக்காக, 4 டிகிரி வெப்பநிலையில், 4 நாள் வரை வைக்கலாம். சிகிச்சையில் உள்ள குறைமாதக் குழந்தைக்கு விதி இன்னும் கடுமையானது. பல பிரிவுகளில் 24 மணி நேரமே எல்லையாகும். உங்கள் பிரிவின் செவிலியர் கூறும் எல்லையையே பின்பற்றுங்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவுப் பகுதியில் வெப்பம் மாறிக்கொண்டே இருக்குமாதலால், பாலை உட்புறத்தில் வையுங்கள்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பாலைக் கொண்டுவருவது பெரும்பாலும் தந்தையின் பொறுப்பாக அமைகிறது. ஐஸ் கட்டிப் பைகள் இட்ட மூடிய பெட்டியில் கலங்களை நிமிர்த்தி வைத்து, வழியில் தங்காமல் கொண்டுவர வேண்டும்.

வைத்திருந்த பாலின் மேல் ஏடு போலக் கொழுப்புப் படிவது இயல்பு. அது கெட்டுப்போனதன் அடையாளமன்று. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அக்கொழுப்பிலேயே குழந்தையின் எடையைக் கூட்டும் ஆற்றல் பெரிதும் உள்ளதால், அதனை அகற்றலாகாது. குளிர்ந்த பாலை அடுப்பில் காய்ச்சக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பிலும் வைக்கக்கூடாது. வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில் கலத்தை வைத்தாலே போதும். உறைந்த பாலை உருகவைத்தபின், குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீண்டும் உறையவைக்கலாகாது.

5. ஊட்டும் முறைகள்

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் பொதுவாக 34 வாரங்களை ஒட்டியே குழந்தைக்கு வருகிறது. அதற்குமுன் மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்திய மெல்லிய குழாய் மூலம் பால் ஊட்டப்படுகிறது. ஏறத்தாழ 32 வாரங்களுக்கு மேல், குழந்தை விழுங்கத் தொடங்கியதும், பாலாடையாலோ கரண்டியாலோ சிறு கிண்ணத்தாலோ ஊட்டலாம். பின்னர் நேரடியாக மார்பில் பாலருந்தப் பழக்கலாம். வாரக் கணக்கு ஒரு வழிகாட்டியே; எந்தக் குழந்தைக்கு எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடை இன்று இந்தியாவின் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. திறந்த வடிவமுடையதாதலால் அதனைக் கழுவுவது எளிது. பால்புட்டியின் ரப்பர் காம்பில் தங்குவதுபோல் கிருமிகள் தங்குவதற்கு இடமில்லை. ஆனால் ஊட்டும் முறை முக்கியமானது. குழந்தையைப் படுக்கவைத்து, வாயைத் திறந்து, சங்கினாலோ பாலாடையாலோ பாலைச் சாய்க்கும் பழைய முறை ஆபத்தானது. பால் மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடலாம். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலையையும் கழுத்தையும் தாங்கி, நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாலாடையின் நுனியைக் கீழுதட்டின் மேல், வாயின் ஓரமாக மெல்ல வைத்து, சிறிது பாலை விடுங்கள். குழந்தை விழுங்கிய பின்னரே அடுத்த சிறிதளவைக் கொடுங்கள். நிறம் நீலமானாலோ, இருமினாலோ, மூச்சு நின்றாலோ ஊட்டுவதை உடனே நிறுத்திச் செவிலியரை அழையுங்கள். முதல் சில முறைகள் செவிலியரின் முன்னிலையிலேயே ஊட்டிப் பழகுங்கள்.

மருத்துவர் அனுமதித்தவுடன் கங்காரு தாய் பராமரிப்பைத் தொடங்குங்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978-ஆம் ஆண்டு, போதிய இன்குபேட்டர்கள் இல்லாத நிலையில் மருத்துவர் எட்கர் ரே இம்முறையைத் தொடங்கினார். குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக, தோலோடு தோலாக வைத்துக் கட்டிக்கொள்வதே இது. குழந்தையின் வெப்பம் நிலைபெறுகிறது. தாய்க்குப் பாலும் பெருகுகிறது. தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையும் பாட்டியும் இதனைச் செய்யலாம்.

தாய்ப்பாலோ மருத்துவர் கூறிய மருந்தோ அல்லாத வேறெதையும் குழந்தையின் வாயில் வைக்காதீர்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை, கழுதைப்பால், கிரைப் வாட்டர் எவையாயினும், முதிராத குடலுக்கு அவை தீங்கையே விளைவிக்கக்கூடும்.

6. தாயின் பால் போதாதபோது: தானப் பால்

தாய் கடுமையாக நோயுற்றிருக்கலாம். பால் சுரக்கச் சில நாள்கள் தாமதமாகலாம். இரட்டைக் குழந்தைகளுக்குப் போதாதிருக்கலாம். எடை குறைந்த குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் வரிசை தெளிவானது: முதலில் பெற்ற தாயின் பால், அது இயலாவிடில் பாதுகாப்பாகப் பெறப்பட்ட தானப் பால், அதுவும் கிடைக்காவிடில் பால்மாவு.

உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-இல் வியன்னாவில் தொடங்கப்பட்டது. 1980-களில் எச்.ஐ.வி. பற்றிய அச்சத்தால் பல நாடுகளில் வங்கிகள் மூடப்பட்டன. பரிசோதனையும் பதப்படுத்தலும் உறுதிப்பட்ட பின் மீண்டும் திறக்கப்பட்டன. இந்தியாவின் முதல் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கினார். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் 2014-ஆம் ஆண்டு இவ்வசதி ஏற்பட்டது. பின்னர் பிற ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவடைந்தது.

வங்கியில் நடப்பது இதுதான். பால் அளிக்க முன்வரும் தாயிடம் உடல்நலம், மருந்துகள், பழக்கங்கள் பற்றிய வினாக்கள் கேட்கப்படுகின்றன. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. பெறப்பட்ட பால் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, விரைவாகக் குளிர்விக்கப்படுகிறது. அதன் மாதிரியில் கிருமி வளர்கிறதா எனச் சோதிக்கப்படுகிறது. வளர்ந்தால் அப்பால் அகற்றப்படும்; இல்லையெனில் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்துப் பாதுகாக்கப்படும். மருத்துவரின் பரிந்துரைக்குப் பின், பெற்றோரின் ஒப்புதலோடு அது குழந்தைக்கு அளிக்கப்படுகிறது.

இவ்வாறு சூடாக்கும்போது எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் அழிகின்றன. அதே வேளையில் பாலில் உள்ள உயிருள்ள வெள்ளணுக்களும், கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் அழிகின்றன. நோய் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதி குறைகிறது. குடலைக் காக்கும் தனிவகைச் சர்க்கரைகள் பெரும்பாலும் எஞ்சுகின்றன. இதனாலேயே தானப் பால் பால்மாவினும் மேலானதாகவும், பெற்ற தாயின் பாலுக்குச் சற்றுக் குறைந்ததாகவும் விளங்குகிறது. தானப் பால் கிடைத்துவிட்டது எனத் தாய் பீய்ச்சுவதை நிறுத்திவிடக்கூடாது. தாயின் பால் பெருகி வரும்வரை குழந்தையைக் கடக்கச் செய்யும் பாலமே தானப் பால்.

7. குடும்பத்தார் கேட்கும் ஐயங்கள்

*வேறொரு பெண்ணின் பாலைக் கொடுப்பது முறையா?*
இது நமக்குப் புதியதன்று. பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் எனத் தாயரை ஐவகையாக எண்ணியது தமிழ் மரபு. பெறாத குழந்தைக்குப் பாலூட்டியவரையும் அம்மரபு 'தாய்' என்றே அழைத்தது.

*கொடுத்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று தெரிந்துகொள்ளலாமா?*
இல்லை. தானம் அளித்தவரின் அடையாளம் பெறுபவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பாலின் வழியே பரம்பரைக் குணம் எதுவும் குழந்தைக்குச் செல்வதில்லை. அவசர வேளையில் இரத்தம் ஏற்றும்போது நாம் இதனைக் கேட்பதில்லை, இங்கும் அவ்வாறே.

*எங்கள் மார்க்கத்தில் பால்குடி உறவு உண்டே?*
இஸ்லாமியக் குடும்பங்களின் இந்த வினா மதிக்கத்தக்கது. ஒரே தாயிடம் பாலருந்தியவர்கள் உடன்பிறந்தோர் ஆவர் என்பது அவர்தம் நெறி. வங்கிப் பாலுக்கு அது பொருந்துமா என்பதில் மார்க்க அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். நீங்கள் நம்பும் அறிஞரைக் கலந்து முடிவெடுங்கள். ஒப்புதல் இன்றித் தானப் பால் கொடுக்கப்படமாட்டாது.

*தெரிந்த பெண்ணிடமோ, கைப்பேசிக் குழு வழியாகவோ நேரடியாகப் பால் வாங்கலாமா?*
வேண்டா. பரிசோதிக்கப்படாத, பதப்படுத்தப்படாத பாலில் நோய்க்கிருமிகளோ மருந்துகளோ இருக்கக்கூடும். தாய்ப்பாலை விற்பனைப் பொருளாக்குவதற்கு அனுமதியில்லை என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024-ஆம் ஆண்டு மே மாதம் அறிவுறுத்தியுள்ளது.

8. பால் தானம் செய்ய விரும்பும் தாய்க்கு

தன் குழந்தை வயிறாரக் குடித்து, எடை கூடி, அதன் பின்னும் பால் மிகுதியாக உள்ள நலமான தாய் தானம் செய்யலாம். "கொடுத்தால் வற்றிவிடும்" என்ற அச்சம் தேவையில்லை. எடுக்க எடுக்கச் சுரப்பதே தாய்ப்பாலின் இயல்பு. தானத்துக்குப் பணம் கொடுப்பதோ பெறுவதோ இல்லை.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் தொற்றுள்ளவர்கள், சிகிச்சையில் உள்ள காசநோயாளிகள், புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்கள், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சில மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோரிடமிருந்து பால் பெறப்படுவதில்லை. மார்பில் சீழோ அழற்சியோ உள்ளவர்கள் குணமாகும்வரை காத்திருக்க வேண்டும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். தானம் செய்யத் தகுதியில்லை என்பதற்கு, தன் குழந்தைக்குப் பாலூட்டக்கூடாது என்பது பொருளன்று. எடுத்துக்காட்டாக, ஹெபடைட்டிஸ் பி உள்ள தாயிடமிருந்து வங்கி பால் பெறாது. ஆனால் அவர் குழந்தைக்குப் பிறந்தவுடன் உரிய தடுப்பூசிகள் போடப்பட்டபின், அவர் தன் குழந்தைக்குப் பாலூட்டலாம். எனவே வங்கி மறுத்ததைக் கேட்டு, வீட்டில் பாலூட்டுவதை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் அளிக்கும் பாலின் மதிப்பை முன்னர் கண்ட கணக்கினாலேயே அளந்துகொள்ளலாம். முதல் நாளில் 36 மி.லி. தேவைப்படும் குழந்தைக்கு, 100 மி.லி. பால் என்பது ஏறத்தாழ அத்தகைய மூன்று குழந்தைகளின் ஒரு நாள் உணவு.

குழந்தையை இழந்த தாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தை மறைந்த பின்னரும் மார்பில் பால் கட்டுகிறது. அத்துயரத்தை அறிந்தவர் அறிவர். அவர்களுள் சிலர் அப்பாலை மற்றொரு குழந்தைக்கு அளிப்பதில் ஆறுதல் காண்கின்றனர். சிலர் பாலை நிறுத்திக்கொள்ளவே விரும்புகின்றனர். இரண்டும் சரியே. யாரும் அவர்களை வற்புறுத்தலாகாது. எதை விரும்பினாலும், மார்பு கட்டி வலிக்காமல் படிப்படியாகப் பாலைக் குறைக்கவும் நிறுத்தவும் செவிலியர் வழிகாட்டுவர்.

நினைவிற்கொள்ள

• முதல் மணி நேரத்தில் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 8 முதல் 10 முறை, இரவிலும் ஒருமுறை.

• சீம்பாலின் ஒரு துளியையும் கொட்டாதீர்கள்.

• கலத்தின்மேல் பெயர், எண், தேதி, நேரம் எழுதுங்கள், குளிரில் வையுங்கள், காய்ச்சாதீர்கள்.

• பாலாடையால் ஊட்டும்போது குழந்தை நிமிர்ந்திருக்கட்டும். விழுங்கிய பின் அடுத்த வாய்.

• தாயின் பால் போதாதெனில் தானப் பால் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், பீய்ச்சுவதை நிறுத்தாதீர்கள்.

• மிகுதியாக இருப்பின், தானம் செய்ய முன்வாருங்கள்.

இப்பக்கத்தைப் படித்து முடித்ததும், வார்டில் இருக்கும் தாயிடம் கடைசியாக எத்தனை மணிக்குப் பால் பீய்ச்சினார் என்று கேளுங்கள். மூன்று மணி நேரம் கடந்திருந்தால், கைகழுவ நீரும் கொதிநீரில் இட்டெடுத்த கிண்ணமும் குடிக்க ஒரு குவளைத் தண்ணீரும் அவரருகில் கொண்டுபோய் வையுங்கள்.